நல்ல பதில் என்று ஒன்று கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

வழக்கமாக நான் கடிதம் எழுதினால் முதல் வரியில் இங்கே எல்லோரும் சுகம் என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். கல்யாணமாகி இந்தக் கல்கத்தாவுக்கு வந்ததிலிருந்து திருச்சியில் என் பிறந்த வீட்டுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. மஞ்சள் காமாலையில் படுத்துக்கொண்டே எழுதியதும் அப்படித்தான். இந்தக் கடிதத்தில் அந்த வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். போன வாரம், துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த சாயங்காலம், பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "நான் போனப்புறம் நீ எப்படிம்மா இருப்ப?" என்று கேட்டாய். "எனக்கென்னடா குறைச்சல்? நீ கிளம்புற வழியப் பாரு" என்றேன். நீ மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அது நீ பேட்டி எடுக்கும்போது பார்க்கிற பார்வை. எதிரில் இருப்பவர் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று பட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது உன் தொழில். அது எனக்குத் தெரியும் என்பதால் பாதி ஈரத்தோடு துணிகளை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு நான் சொன்னது சரியான பதில் இல்லை. சரியானதைச் சொல்லிவிடுவோம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் பாதியில் அழுவேன், இல்லாவிட்டால் வேறு எதையாவது இழுத்து உன்னோடு சண்டைக்கு நிற்பேன். இரண்டிலும் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். பால்கனியில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பயம்தான். நெதர்லாந்தில் உனக்குக் கிடைத்திருக்கும் ஆராய்ச்சி வேலை சும்மா வந்ததில்லை. காளி பூஜை முடிந்ததும் விமானம். உண்மையைச் சொன்னால் அந்த வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு நீ இங்கேயே இருந்துவிடுவாய். நீ அந்த ரகம். பொய்யைச் சொல்லி அனுப்பினாலோ, சைக்காலஜியில் பிஎச்.டி. வாங்கிய பிள்ளையை இரண்டாவது தடவையாக அதே பொய்யால் கெடுத்தவள் ஆவேன். முதல் தடவைக்கே நாம் இருவரும் பட்டது போதும். உன் பிஎச்.டி. ஆய்வுக்காகத்தான் நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாய். மெதுவாகப் படி. புரியாத இடத்தை என்னிடமே கேள். அப்பாவிடம் கேட்டால் அவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்ப்பார்.

நீ செக்டர் ஃபைவில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பிஎச்.டி. சேரப் போகிறேன் என்றபோது நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. "எம்.ஏ. படிச்சது போதாதா? மனுஷங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க இத்தன வருஷமா? என்கிட்ட கேளு, காப்பி ஆறதுக்குள்ள சொல்றேன்" என்றேன். அப்பா, "படிக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்த மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் மெஷினைக் கழற்றினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் நான் கத்துவது சுவருக்குத்தான். பிறகு திருச்சியிலிருந்து உன் சித்தி போன் செய்தாள். "தம்பி டாக்டருக்குப் படிக்கிறானாமே, மருந்து எழுதுவானா?" "எழுத மாட்டான்." "ஊசி போடுவானா?" "போட மாட்டான்." "பின்ன எதுக்குக்கா அந்த டாக்டர்?" குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டேன். கீழ் வீட்டு வங்காளிக் காக்கிமா உன்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "போலோ தோ, ஆமி கீ பாப்சி?" என்று, தான் மனதில் நினைப்பதைச் சொல்லச் சொல்லி மடக்குவார். மீன் வாங்கப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என்று நீ சொல்லித் தப்பிப்பாய். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

நீ எதைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. வேலைக்காக வேறு ஊருக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் தனிமையை எப்படி உணர்கிறார்கள் என்பது. "உலகத்துல வேற விஷயமே கிடைக்கலயா?" என்று கேட்டேன். துறைமுகம், பாங்கு, மத்திய அரசு என்று கல்கத்தாவுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளலாம் என்று உன் கைடு மேடம் சொன்னதும் நான் கட்சி மாறினேன். அதில் எனக்கும் வேலை இருந்ததே. ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் கொண்டுவர வேண்டும். சாப்பாட்டு மேஜையில் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன், நீ ஆங்கிலத்தில் ஒன்றைப் படிப்பாய், நான் தமிழில் சொல்வேன், நீ அதை இரண்டு மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாய். அகராதியைப் பார்த்து 'தோழமையின்மை' என்று நீ எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு, 'பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்று தோன்றுகிறதா?' என்று நான் எழுதினேன். அது உனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி. எல்லாம் எழுதி முடித்ததும், கேள்விகள் புரிகிற மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க முதலில் என்னையே உட்கார வைத்துக் கேட்டாய். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றேன். "வீட்டு ஆள் பதில சேர்க்கக் கூடாதும்மா, புரியுதான்னு மட்டும்தான் பாத்தேன்" என்று சொல்லி அந்தத் தாளை ஒதுக்கிவிட்டாய். நானோ, பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதிவிட்ட பெருமையோடு எழுந்து போனேன்.

இந்த இடத்தில் என் ஆபீசைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது ஏன் என்று விளங்கும். கார்டன் ரீச்சில் ஆற்றைப் பார்த்த ஒரு கட்டிடத்தில், ஊழியர் நலப் பிரிவில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டில்லியிலிருந்து பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் ஏற்பாடு முழுக்க என் தலையில். அவர் நடக்கப்போகும் வழியில் மட்டும் சுவருக்கு வெள்ளையடிப்போம். அலிப்பூர் பக்கத்து நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு வரும், சாயங்காலமே திரும்பிப் போகும். அதிகாரி ஊழியர்களிடம் குறை கேட்கும் நேரம் ஒன்று உண்டு. யாரை முன்வரிசையில் நிறுத்துவது, வாய்த்துடுக்கு உள்ளவர்களை எந்த வேலையைச் சொல்லி வெளியே அனுப்புவது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுவேன். "எனி ப்ராப்ளம்?" என்பார் அவர். "நோ சார்" என்பார்கள் எல்லோரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஒரே குரலில். ஒரு முறை ஒரே ஒருவர் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டார். அதிகாரி விமானம் ஏறியதும் அவருக்கு ஒரு மெமோ போயிற்று. அதை டைப் அடித்தது என் பிரிவு. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அப்படித்தான் என்று எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. துறைமுகமானாலும் பாங்கானாலும், நாங்கள் பழகிய குடும்பங்கள் எல்லாமே இந்த ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

ஆகவே, கேள்விகளோடு நீ வீடு வீடாகப் போகப் போகிறாய் என்றதும் எனக்குத் தெரிந்த வழியில் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டு நாள் குறித்தேன். "என் பையன் வர்றான், ஆராய்ச்சி பண்றான். ஏதாவது ஏடாகூடமா சொல்லி வைக்காதீங்க. எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லுங்க, அவன் பாஸாகணும்ல." சந்தேகம் கேட்டவர்களுக்கு, 'ஒருபோதும் இல்லை' என்பதுதான் நல்ல பதில் என்றும் சொல்லிக் கொடுத்தேன். லேக் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பலரை உட்கார வைத்தோமே, அன்றைக்குக் கேசரியும் வடையும் கொண்டுவந்தவள் நான், பந்தியை மேற்பார்வை பார்ப்பதுபோல வரிசைக்கு வரிசை நடந்தவளும் நான். நீ ஒரு மூலையில் உட்கார்ந்து வருகிற தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாய். உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதைப் பார்த்தேன். பசி என்று நினைத்து இன்னொரு வடை வைத்தேன்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் சபாபதி பெரியப்பாதான். பெஹாலாவில் தனியாக இருக்கிற மனிதர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பெரியம்மா போய்ச் சில வருடமாகிறது, மகன் டொராண்டோவில். மண்டபத்துக்கு வர முடியாமல் கால் வீக்கத்தோடு இருந்ததால் நீ அவர் வீட்டுக்குப் போனாய். நீ கேள்வியை முடிப்பதற்குள்ளேயே அவர் 'ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். கடைசியில் திருப்தியாக, "சரியா சொன்னேனா தம்பி? அம்மா சொன்ன மாதிரியேதான் சொல்லியிருக்கேன்" என்றாராம். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாய்.

"அவங்ககிட்டல்லாம் என்னம்மா சொல்லி வெச்ச?"

"நல்லபடியா சொல்லுங்கன்னு சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்டா."

"இதுல நல்ல பதில்னு ஒண்ணு கிடையாதும்மா."

"அதெப்படி இல்லாமப் போகும்? நாளைக்கு இத யாராவது படிச்சா, கல்கத்தா தமிழங்க எல்லாம் அழுதுகிட்டுக் கெடக்காங்கன்னு நெனைக்க மாட்டாங்க? இப்ப எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு வந்திருக்கு. அப்படியே கொண்டுபோய்க் குடு. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே" என்றாய்.

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகியிருப்போம். அப்பா வழக்கம்போல மெஷினைக் கழற்றக் கையைக் கொண்டுபோய், என்னவோ தோன்றி, கழற்றாமல் கையை இறக்கிக்கொண்டார். மறுநாள் நீ கைடு மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னாய். அவ்வளவு நாள் சேர்த்த பதில்கள் எதையும் பயன்படுத்த முடியாது என்றாகிவிட்டது. உன் உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்தது. கூடப் படித்தவர்கள் ஆய்வேட்டை எழுதத் தொடங்கியிருந்தார்கள், நீ மறுபடியும் முதல் படியில் நின்றாய். காலையில் கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துவிட்டு மத்தியானம் ஆராய்ச்சி பார்த்தாய். முடி கொட்டியது, இளைத்தாய். "விட்டுடேன்டா, பழைய வேலைக்கே கூப்பிடுவாங்க" என்று நான் சொன்னபோதும் நீ கோபப்படவில்லை. "இன்னும் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கவே ஆரம்பிக்கலம்மா" என்றாய். உன் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டாவது முறை நீ எல்லாவற்றையும் மாற்றினாய். நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போயிற்று, உட்கார்ந்து நெடுநேரம் பேசுவது வந்தது. போன் போட எனக்கு அனுமதி இல்லை. யார் வீட்டுக்குப் போகிறாய் என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்றாய். நீ புதிதாகத் தேடிப் பிடித்தவர்கள் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காத தமிழர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தனியாக இருக்கிறீர்களா, கவலையாக இருக்கிறீர்களா என்று நீ யாரிடமும் கேட்கவில்லை. "நேத்து காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்றுதான் கேட்பாய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று நீ ஒத்திகை பார்த்ததைக் கேட்டிருக்கிறேன். இதற்கு வேண்டுமானால் நீ எனக்கு மெமோ கொடுக்கலாம்.

சபாபதி பெரியப்பா தானே போன் செய்து உன்னை மறுபடி வரச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் போனவன் விளக்கு வைத்த பிறகுதான் வந்தாய். "என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன். "சொல்லக் கூடாதும்மா." "எனக்குமா?" "உனக்குத்தான் முக்கியமா." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெரியம்மா இருந்தபோதிலிருந்து பழகுகிற குடும்பம், அவர் வீட்டில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று புழுங்கினேன். சில நாள் கழித்து அவரையே பெஹாலா மார்க்கெட்டில் பார்த்தேன். காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உன் பையன் ஒண்ணுமே பேசலம்மா. சும்மா உக்காந்திருந்தான். நான்தான் பேசித் தீர்த்துட்டேன்" என்றார். என்ன பேசினீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நீ அவரிடம் வாங்கியதை நான் நடுரோட்டில் பிடுங்கக் கூடாது என்று பட்டது. அவர் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து அப்பாவோடு செஸ் ஆடுகிறார் அல்லவா, அது அந்த மாதத்தில்தான் தொடங்கியது.

உன் வைவா வாய்மொழித் தேர்வுக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், முதலில் எடுத்த பதில்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். ஆய்வாளரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பங்கேற்பாளர்களை முன்கூட்டியே தயார் செய்துவிட்டதால் என்று நீ ஆங்கிலத்தில், குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாய். அதை ஆய்வேட்டிலும் ஒரு பத்தியாக எழுதியிருக்கிறாய் என்றும், அந்தக் கெடுதலிலிருந்துதான் உன் புதிய முறையே பிறந்தது என்றும் சொன்னாய். எல்லோர் முன்னாலும் என் மானம் போனதுபோல முகம் சுட்டது. பக்கத்தில் காக்கிமா இருந்தார். பங்கேற்பாளர் பற்றிய பேச்சு அவருக்குப் புரிந்ததா இல்லையா, என் கையைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் கொஞ்சம் சிரித்து, அந்தக் குடும்பத்து நபர் இப்போது என்ன நினைக்கிறார் என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பாமலே, "தெரியவில்லை, அவரைப் பேட்டி எடுக்க எனக்கு அனுமதி இல்லை" என்றாய். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துவிட்டது. சந்தேஷ் இனிப்பு டப்பாக்களை எல்லோருக்கும் கொடுத்து, வீட்டுக்கு வந்து, புடவையை மடித்து வைத்த பிறகும் அது எழுந்து போகவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் என்னைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு வரியைவிட, என்னைக் குற்றம் சொன்ன அந்தப் பத்தியைத்தான் அதிகம் தடவை படித்திருக்கிறேன். அதில் கோபம் இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. இப்படி எழுதத்தான் இத்தனை வருடம் ஆயிற்று என்றால் ஆகட்டும்.

உனக்கு அனுமதி இல்லாவிட்டால் போகிறது, நீ கேட்காமலே சொல்கிறேன். நேற்று நீ குளிருக்குக் கோட்டு வாங்க கரியாஹாட் போய்விட்டு, அப்படியே நண்பர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாள் முழுக்க வெளியே இருந்தாய். நான் காலையில் காப்பி போட்டேன். அப்பா பேப்பர் படித்தார். மழை வரும்போல் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன், மெஷின் மேஜைமேல் இருந்தது. துணி துவைத்தேன். காக்கிமா வந்தார், இலிஷ் மீன் விலையைப் பற்றியும் அவர் மருமகளைப் பற்றியும் வங்க மொழியில் பேசினோம். நன்றாகத்தான் பேசினேன், ஆனால் எனக்கு வேடிக்கையாக ஒன்று தோன்றியபோது அதை அந்த மொழியில் சொல்ல வரவில்லை, விட்டுவிட்டேன். மத்தியானம் சமைத்தது அதிகமாகிவிட்டது, மூன்று பேருக்கு வைக்கிற கை. உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் ஜாதவ்பூர் முக்கில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பால்கனிக்குப் போனேன். நீ வரும் நேரம் இல்லை என்று தெரிந்தும் போனேன். நீ வந்ததும், "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று திட்டினேன். அந்தத் திட்டுத்தான் நேற்று நான் தமிழில் ஒருவரிடம் முழுசாகப் பேசியது.

பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு இப்போது என் பதில், சில சமயம். நீ போன பிறகு அது அடிக்கடி என்று ஆகும். அந்தக் கேள்வியை எழுதியவளே நான் என்பதால் அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நீ சொல்ல முடியாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இதைப் படித்துவிட்டு நீ டிக்கெட்டை ரத்து செய்தால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்ன மனிதருக்கு நாங்கள் மெமோ கொடுத்ததும் நீ செய்வதும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னதற்குப் பலன் இதுதான் என்றால், அடுத்த முறை நான் மறுபடி 'நோ சார்' என்பேன், நீ எவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சரி. உன்னைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. நீ போக வேண்டும். நான் கெடுத்ததிலிருந்து எழுந்து நீ சம்பாதித்த வேலை அது, அதை நீ விட்டால் எனக்கு ஆயுசுக்கும் ஆறாது. நீ இல்லாத வீடு எனக்கு எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரிந்திருந்து, தெரிந்தே நீ போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோட்டின் கை கொஞ்சம் நீளம், கழற்றி வை, நான் மடித்துத் தைக்கிறேன். அங்கே போனதும் ஒழுங்காகச் சாப்பிடு. அந்த ஊர்க் கிழவர் கிழவிகளும் உன்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள், நம்பிவிடாதே. வீடியோவில் என்னைக் கூப்பிட்டால், எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே. அதற்கு என்னிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும், வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்து. நேத்து என்னம்மா செஞ்சே என்று கேள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இரு. நான் சொல்வேன்.

அம்மா